எத்தனை நாளைக்கு?

பங்குனி மாதம் ஒரு சனிக்கிழமை, திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழே, புதிதாக வாங்கிய கூடாரத்தை விரித்துப் பார்த்தேன். மறுவாரம் நண்பர்களோடு மாத்தளை மலையில் ரிவஸ்டன் பக்கம் போய் ஆற்றங்கரையில் ஒரு இரவு தங்குவதாகத் திட்டம். புதுக் கூடாரத்தை முதன்முதலாக இருட்டிலும் காற்றிலும் பிரிக்கக் கூடாது, வீட்டில் ஒருதரம் அடித்துப் பழகிவிட வேண்டும் என்று கிண்ணியா நண்பன் சொல்லியிருந்தான். கம்பிகளைக் கோர்த்து, மூலைகளுக்கு முளை அறைந்து, மேல்சீலையை இழுத்துக் கட்டி முடிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. பச்சை நிறம். மூன்று பேர் நெருக்கமாகப் படுக்கலாம். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு திரும்பினால், அம்மா குசினி வாசலில் அகப்பையோடு நிற்கிறார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"எத்தனை நாளைக்கு மகன்?" என்று கேட்டார்.

"ஒரு ராவைக்குத்தான் அம்மா" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். அடுப்பில் ஏதோ இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் முழுவதும் அம்மா முற்றத்துப் பக்கம் வரவேயில்லை. தண்ணீர் அள்ளுவதற்கும் வீட்டின் பின்பக்கத்தால் சுற்றித்தான் போனார். நான் கூடாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்ட பிறகுதான் முற்றம் கூட்ட வந்தார்.

2006 சித்திரையில் குண்டு விழத் தொடங்கியபோது, இதே கேள்வியை அம்மா அப்பாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு அப்போது பதினொரு வயது. "ரெண்டு நாளைக்குத்தான். மாடுகளுக்குத் தண்ணி வைச்சிட்டு வெளிக்கிடுவம்" என்றார் அப்பா. ஈச்சிலம்பற்றுக்குப் போனோம். அங்கிருந்து வெருகல் ஆற்றைக் கடந்து வாகரை. பிறகு மட்டக்களப்பு. கடைசியாகக் கிளிவெட்டி முகாம். எங்கள் ஊர்க் காணிகள் திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2015 ஆவணியில். அப்பா சொன்ன இரண்டு நாள் ஒன்பது வருடத்துக்கு மேல் நீண்டது. அப்பா அந்த நாளைப் பார்க்கவில்லை.

அதனால்தான் அம்மாவின் கேள்வி எனக்குள் கிடந்து குடைந்தது. போவதா விடுவதா என்று இரண்டு மூன்று இரவு யோசித்தேன். கடைசியில் போனேன். போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னோடுதான் வந்தது.

சொல்

நண்பர்கள் இதைக் கேம்பிங் என்கிறார்கள். எங்கள் ஊரில் காம்ப் என்றால் இரண்டு பொருள்தான். ஒன்று ஆமிக் காம்ப். மற்றது நாங்கள் இருந்த காம்ப். தமிழில் முகாம் என்று சொன்னாலும் மாற்றமில்லை: அகதி முகாம், இராணுவ முகாம், தடுப்பு முகாம். பாசறை என்ற பழைய சொல்லை எடுத்தால் அது போருக்குப் போன அரசன் படையோடு தங்கிய இடம். விரும்பி, சந்தோஷத்துக்காக, வீட்டைவிட்டுப் போய் ஆற்றோரம் ஒரு இரவு கிடப்பதற்கு என்ன சொல் என்று நான் உண்மையாகவே தேடினேன். வெளிநாட்டில் இருக்கும் சித்தப்பா தொலைபேசியில் கேட்டது வேறு மனதைக் குத்தியது. "ஒன்பது வருசம் தறப்பாளுக்குள்ள கிடந்தது காணாதா? காசு குடுத்துமா போய்க் கிடக்கிறாய்?"

அவர் கேட்டதில் நியாயம் இல்லையென்று சொல்லமாட்டேன். முதலில் வெள்ளைத் தறப்பாள், பிறகு தகரம். வெயிலில் உள்ளே இருக்க முடியாது, மழையில் வெளியே இருக்க முடியாது. பக்கத்துக் கொட்டிலில் குழந்தை இருமினால் எங்கள் பாயில் படுத்தபடி எண்ணலாம். இரவில் ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் அம்மா தங்கையைத் தனியே விடமாட்டார், அவரும் எழும்பிப் போவார். பதிவு, வரிசை, அட்டை, பங்கீடு. வெளியே போய்வருவதற்கும் யாருக்காவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இத்தனைக்கும் பிறகு ஒருவன் கூடாரம் வாங்கிக்கொண்டு வந்தால் வீட்டிலுள்ளவர்களுக்கு வயிறு கலங்கத்தானே செய்யும்?

ஆனால் தேடியபோது எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். வடக்கிலிருந்து வருகிறவர்கள் திருகோணமலையைத் தாண்டி, வெருகல் முருகனைக் கும்பிட்டு, கரையோரமாகவே நடந்து உகந்தைமலைக்குப் போகிறார்கள். அதற்குப் பிறகு காடுதான். கூமுனைக்கூடாக, கும்புக்கன் ஓயா என்ற ஆற்றைக் கடந்து, யாலவுக்கூடாக, மரத்தடியிலும் ஆற்று மணலிலும் படுத்தெழும்பி மாணிக்க கங்கைக்குப் போய்ச் சேருகிறார்கள். தலையில் மூட்டை, கையில் வேல், குடிக்க ஆற்றுத் தண்ணீர். அம்மாவும் சின்ன வயதில் அம்மம்மாவோடு ஒருதரம் நடந்தவர். அந்தக் கதையைச் சொல்லும்போது "தங்கல்" என்றுதான் சொல்வார். "ரெண்டாம் நாள் தங்கல் ஆத்தங்கரையில" என்பார். யாரும் துரத்தாமல், தானாகக் கிளம்பிப் போய்க் காட்டில் படுத்த இரவுகள் எங்கள் குடும்பத்திலும் இருந்திருக்கின்றன. போர் அதற்கு மேலே மண்ணைக் கொட்டி மூடிவிட்டது. இதைச் சித்தப்பாவுக்குச் சொன்னேன். "அது நேத்திக்கடன், இது விளையாட்டு" என்றார். அதுவும் சரிதான். நான் மேலே வாதாடவில்லை.

தெல்கமு ஓயா

விடிய நான்கு மணிக்குத் திருகோணமலையிலிருந்து வானில் புறப்பட்டோம். கந்தளாய் தாண்டி ஹபரணை வரும்வரை யானை குறுக்கே வருமோ என்று சாரதி மெதுவாகத்தான் ஓட்டினார். தம்புள்ளை, மாத்தளை, அங்கிருந்து இறத்தோட்டை. இறத்தோட்டைக்குப் பிறகு வீதி வளைந்து வளைந்து ஏறுகிறது. ரிவஸ்டன் உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரத்தைச் சுற்றி முகில் சுழன்றுகொண்டு நின்றது. அந்த இடத்துக் காற்றை எங்கள் கச்சானோடு ஒப்பிட முடியாது. கச்சான் சுடும். இது எலும்புக்குள் போகும். உச்சியைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது நாடே மாறுகிறது. ஈரம் குறைகிறது, மரங்கள் குட்டையாகின்றன, பிட்டவல பத்தனைப் புல்வெளி விரிகிறது. பாறைத் தட்டின்மேல் ஒரு சாண் மண்கூட இல்லாத இடங்கள் அங்கே நிறைய. அதற்குள்ளும் புல் வேர் பிடித்து நிற்கிறது. ஈரப் பாறையோடு பாறையாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் தவளை இருக்கிறது. ரிவஸ்டனும் சேர்ந்த இந்த நக்கிள்ஸ் மலைகளைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அது இல்லை. புல்வெளியின் விளிம்பில் தரை திடீரென்று முடிந்து கீழே பள்ளத்தாக்கு திறக்கிறது. நாங்கள் பதினைந்து நிமிடம் பேசாமல் நின்றோம்.

நக்கிள்ஸ் காடு 2000இல் பாதுகாக்கப்பட்ட வனமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் மற்ற இரண்டு இடங்களோடு சேர்த்து உலக மரபுரிமைப் பட்டியலில் வந்தது. காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது, அனுமதி வேண்டும். நாங்கள் இலுக்கும்புரப் பக்கம் ஊரோரத்தில், ஒரு முதியவரின் காணியில் தங்கினோம். காணிக்குக் கீழேதான் தெல்கமு ஓயா இரண்டு கரைப் பாறைகளையும் இடித்துக்கொண்டு மலையிடுக்குக்குள் இறங்கிப் போகிறது. வீடளவு பாறைகள். இடையில் கண்ணாடி மாதிரிக் குளங்கள். சில பாறைகளில் பானை வாய் மாதிரி வட்டக் குழிகள், கையை விட்டுப் பார்த்தால் அடியில் உருண்டைக் கற்கள் கிடக்கின்றன. வெள்ளம் வரும்போது அந்தக் கற்கள் சுழன்று சுழன்றுதான் குழியைக் கடைகின்றன. ஒரு குழிக்குள் என் முழங்கை வரை போனது. அதைக் கடைய ஆறு எத்தனை காலம் எடுத்திருக்கும் என்று நினைத்தபோது கையை எடுக்க மனம் வரவில்லை.

கூடாரம் அடிக்கும் இடத்தைக் கிண்ணியா நண்பன்தான் தெரிவு செய்தான். தண்ணீருக்குப் பக்கத்தில் மணல் திட்டு ஒன்று அழகாக இருந்தது, எங்களுக்கு அங்கேதான் ஆசை. அவன் கரையோர மரக் கிளைகளைக் காட்டினான். என் தலைக்கு மேலே கிளையிடுக்குகளில் காய்ந்த சுள்ளியும் ஒரு பொலித்தீன் பையும் சிக்கித் தொங்கின. போன வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது. இந்த மாதிரி இடுக்குகளில் தண்ணீருக்கு அகலிக்க இடமில்லை, மேலேதான் எழும்பும். நாம் இருக்கும் இடத்தில் வெயில் எறித்தாலும் மேலே மலையில் மழை பெய்தால் போதும். தெளிந்த தண்ணீர் தேயிலை நிறமாகி, சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கினால், குளிக்கிறவர்கள் உடுப்பைக்கூட எடுக்காமல் மேலே ஏறிவிட வேண்டும். இந்தத் தீவில் வருடா வருடம் ஓயாக்களில் பிள்ளைகள் சாகிறார்கள். நீந்தத் தெரிந்தவர்களும் சாகிறார்கள். கடற்கரையில் பிறந்த எங்களுக்கு ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை நாங்கள் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். கடல் அலையை முன்னாலேயே காட்டும். ஆறு முதுகுப் பக்கத்தால் வரும்.

வாய்க்கால்

அன்று இரவு ஒரு மணியிருக்கும். இடி. பிறகு சீலையில் முதல் சொட்டுகள். பிறகு கொட்டத் தொடங்கியது.

நான் எப்போது எழும்பினேன், எப்போது வெளியே வந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, முதியவர் விறகுக் கொட்டிலில் சாத்தி வைத்திருந்த மண்வெட்டியை எடுத்து வந்து, கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தேன். மேட்டுப் பக்கம் ஆழமாக. இரண்டு பக்கமும் சரித்து. பள்ளப் பக்கம் தண்ணீர் போக வாய் விட்டு. வெட்டிய மண்ணை உட்பக்கமாக அணைத்து, காலால் மிதித்து. ஒரு நண்பன் தலையை வெளியே நீட்டி "என்னடா செய்யிறாய்? உள்ள நனையேல்ல" என்று கத்தினான். எனக்குக் கேட்டது. ஆனால் கை நிற்கவில்லை. வட்டம் முடியும்வரை வெட்டினேன். அதற்குப் பிறகுதான் குளிரத் தொடங்கியது.

கிளிவெட்டியில் முதல் கார்த்திகை மழைக்கு அப்பா இப்படித்தான் வெட்டினார். நான் விளக்குப் பிடித்தேன். அடுத்த வருடம் அவர் என்னிடம் மண்வெட்டியைத் தந்துவிட்டு விளக்கைப் பிடித்தார். "மேட்டுப் பக்கம் ஆழமா வெட்டு. பள்ளத்தில வாய் விடு. வாய் விடாட்டி எல்லாத் தண்ணியும் எங்களுக்குள்ளதான் வரும்." அந்த மழையில் பாய் நனையாமல் இருந்தது எங்கள் கொட்டிலும் இன்னும் இரண்டு மூன்று கொட்டிலும்தான். அடுத்த நாள் அப்பா மற்றவர்களுக்கும் வெட்டிக் கொடுத்தார். வயலுக்கு வாய்க்கால் வெட்டிய கை அது. வயல் இல்லாமல் போன பிறகு அந்தக் கைக்கு அதுதான் வேலை. அப்பாவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விடிந்து பார்த்தபோது கூடாரம் உள்ளே காய்ந்தே கிடந்தது. என் வாய்க்காலால் அல்ல. சரிவான இடம், அடிச்சீலை சாண் உயரத்துக்குத் தொட்டி மாதிரி மடித்துத் தைத்தது. தண்ணீர் தன் பாட்டில் வழிந்து போயிருக்கும். என் வாய்க்காலின் வாயிலிருந்து கீழே ஆற்றுப் பக்கம் வரை சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. ஒரே இரவில், கைவிரல் ஆழத்துக்கு. புல்லின் வேரை வெட்டிவிட்டால் அந்த மண்ணைப் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. அடுத்த மழை அந்த வெட்டைத்தான் வழியாக எடுக்கும், அதற்கடுத்த மழை இன்னும் ஆழமாக்கும். சில வருடத்தில் அந்த இடத்தில் பாறைதான் மிஞ்சும். நேற்றுத்தான் பத்தனையில் மண் எவ்வளவு மெல்லிசு என்று பார்த்து வியந்து நின்றிருந்தேன்.

முதியவர் தேநீர்க் கேத்தலோடு வந்தார். பார்த்தார். ஏசவில்லை. கேத்தலைக் கல்லில் வைத்துவிட்டு, நான் புரட்டிப் போட்டிருந்த புல் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வெட்டுக்குள் வைத்துக் குதிகாலால் அழுத்தத் தொடங்கினார். நானும் போய்க் குந்தினேன். என் சிங்களம் சுமார்தான், அவர் மெதுவாகப் பேசினார். வாய்க்கால் வடிவாக வெட்டியிருக்கிறாய், எங்கே பழகினாய் என்று கேட்டார்.

"காம்பில்" என்றேன்.

"ஆமிக் காம்பிலா?"

"இல்லை. மற்றக் காம்பில்."

அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு இன்னொரு புல் கட்டியை என் பக்கம் தள்ளி, வேர் கீழே போகும்படி வை என்று காட்டினார். முழுவதும் மூடி முடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. ஆற்றிலிருந்து வாளியில் தண்ணீர் கொண்டுவந்து மேலே தெளித்தோம். தேநீர் ஆறிப்போயிருந்தது. அதை அப்படியே குடித்தோம்.

இந்தக் காலை நேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நான் செய்தது பிழை. அந்த மண்ணுக்குப் பிழை. இனிமேல் எந்தக் கரையிலும் வெட்டமாட்டேன், வெட்டுகிறவனைக் கண்டால் நின்று சொல்வேன், இடத்தைச் சரியாகத் தெரிவு செய்தால் வெட்டத் தேவையே இல்லை என்று காட்டிக் கொடுப்பேன். ஆனால் கிளிவெட்டியில் அப்பா வெட்டியதும் பிழையில்லை. அங்கே இடத்தைத் தெரிவு செய்ய எங்களை யாரும் விடவில்லை. காட்டிய இடத்தில் இருந்தோம். சரிவா பள்ளமா என்று பார்க்கும் உரிமையே இல்லாதவன் வாய்க்கால்தான் வெட்டுவான். சித்தப்பாவின் கேள்விக்கு நான் அப்போது சொல்லத் தெரியாமல் விட்ட பதில் அந்தப் புல் கட்டிகளை அமத்தும்போதுதான் எனக்குக் கிடைத்தது. முதல் நாள் பின்னேரம் நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கரையில் அரை மணித்தியாலம் இங்கேயா அங்கேயா என்று நடந்து திரிந்தோமே, அந்த நடைதான் வித்தியாசம். கூடாரத்தின் பூட்டு உள்ளே இருக்கிறது. விடிந்ததும் யாரும் வந்து தலை எண்ணவில்லை. நினைத்தால் மழைக்குள்ளேயே சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம்.

ஆடி மாதம்

இதையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னேன். வாய்க்கால் கதையைக் கேட்டதும் "அந்த மனுசனுக்கு எத்தனை வயசு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு மாதம் கழித்து, தங்கை வீட்டுக்கு வந்திருந்த ஒரு நாள், "அந்த ஆத்தை ஒருக்காப் பாக்கலாமே" என்றார். இரவு தங்க முடியாது, பகலில் போய் வருவோம் என்பது நிபந்தனை. ஆடி மாதம் போனோம். ரிவஸ்டன் காற்றுக்குச் சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு வானுக்குள்ளேயே இருந்துவிட்டார். ஓயாவில் தண்ணீர் குறைவு, வெயில் நல்ல வெயில். முதியவரின் மனைவி அம்மாவுக்குக் கதிரை கொண்டுவந்து போட்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை. ஆனாலும் பலாக்கொட்டை பற்றி ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டார்கள்.

தங்கையின் பிள்ளைகள் உடுப்பு மாற்றவென்று கூடாரத்தை அடித்தேன். அம்மா பார்க்காதது மாதிரி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் கழித்து, "இந்தத் தண்ணி எங்க போகுது மகன்?" என்றார். அம்பன் கங்கையில் சேருது, அது மகாவலியில சேருது என்றேன். அதற்கு மேலே நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. மகாவலி எங்கள் ஊர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது, அதன் ஒரு கிளைதான் வெருகல். நாங்கள் 2006இல் சாமானும் பிள்ளைகளுமாக இருட்டுக்குள் கடந்த தண்ணீர். அம்மா எழும்பி, செருப்பைக் கழற்றி, ஒரு தட்டையான பாறையில் இருந்து இரண்டு காலையும் உள்ளே விட்டார். "பச்சைத் தண்ணியா இருக்கு" என்றார். நெடுநேரம் அப்படியே இருந்தார். நான் கிட்டப் போகவில்லை.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கூடாரத்துக்குள் போனார். பூட்டை இழுத்து மூடினார். திறந்தார். இன்னொருதரம் மூடினார். கொஞ்சம் படுத்திருக்க வேண்டும், குறட்டை கேட்டதாகத் தங்கை சொன்னாள். மூன்று மணிக்கு வெளியே வந்து, "கதிர்காமத்துக்குப் போகக்குள்ள தங்கலுக்கு இப்படி ஒண்டு இருந்திருந்தா அம்மம்மாவுக்கு நுளம்பு கடிச்சிராது" என்றார். பிறகு, "இருட்ட முன்னம் வீட்டுக்குப் போவம்" என்றார்.

நான் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினேன். "விடு, நான் மடிக்கிறன்" என்று வந்தார். கம்பியை எப்படிக் கழற்றுவது என்று மட்டும் காட்டினேன். சீலையைத் தரையில் விரித்து, கைகளால் காற்றை நீவி வெளியேற்றி, சேலை மடிப்பது மாதிரி மூலைக்கு மூலை வைத்து மடித்து, முழங்காலால் அமத்திச் சுருட்டினார். பைக்குள் முழுதாகப் போகவில்லை, நான் சுருட்டினாலும் போகாது. வான் சம்பூருக்கு வரும்வரை அது அவர் மடியில்தான் இருந்தது.

அடியில் ஈரம் இருந்தது. ஈரத்தோடு வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் விடிய நான் எழும்பி வரும்போது முற்றத்தில், வேப்பமரத்துக்கும் கிணற்றடிக் கம்பத்துக்கும் நடுவே கட்டிய கொடியில், அம்மாவின் இரண்டு சேலைகளுக்குப் பக்கத்தில் அது காய்ந்துகொண்டிருந்தது.